ஓட்டுக் கூரையின் கீழ் உதிரி வெப்பக் காப்பு: காக்ஸ் டவுன் வீடுகளை முன்னிட்டு ஒரு பாடம்

பெங்களூர் நகரின் கிழக்குப் பாகத்தில் உள்ள காக்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. சரிவான மங்களூர் ஓட்டுக் கூரை, ஜன்னல்களின் மேல் 'மங்கி டாப்' என்று ஊரார் வழங்கும் கூம்பிய மர முக்காடு, கூரைக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகை மச்சு ஆகியவை இவ்வீடுகளின் அடையாளங்கள். இவற்றில் வசிப்போர் கோடையில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: பிற்பகலில் மச்சின் வழியே அனல் இறங்குகிறது. இதற்குப் பரிகாரமாகச் சிலர் கூரையையே பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டுவிடுகின்றனர். பகலில் வாங்கிய வெப்பத்தை வைத்திருந்து, வீட்டார் உறங்கச் செல்லும் நேரத்தில் அறைக்குள் விடுவது கான்கிரீட்டின் இயல்பு. ஆகவே பகல் அனலுக்குப் பதிலாக இரவுப் புழுக்கத்தை விலை கொடுத்து வாங்கியதாகவே முடிகிறது. கூரையைக் கலைக்காமல், மச்சுப் பலகையின் மேல் இலேசான உதிரிப் பொருளை நிரப்பி வெப்பத்தைத் தடுக்கும் முறை ஒன்று உண்டு. அதன் தத்துவத்தையும், வெப்பமும் ஈரமும் சேர்ந்த பிரதேசங்களில் அதைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே காணலாம்.

காக்ஸ் டவுன் என்னும் பெயர், பழைய சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் கலெக்டராக இருந்த அலெக்ஸாண்டர் ராங்கன் காக்ஸ் என்பவரை ஒட்டி வந்தது. 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின்னர், நெருக்கமான பழைய பேட்டைகளுக்கு வெளியே காற்றோட்டமுள்ள புதிய குடியிருப்புகள் எழலாயின. அண்டையிலுள்ள பிரேசர் டவுன் அவற்றுள் முக்கியமானது. அடுக்கடுக்காகக் கவிழ்த்துப் பரப்பிய நாட்டு ஓடுகளின் இடுக்குகள் எலிகளுக்கு வசதியான இருப்பிடம். ஒன்றையொன்று கவ்வி நிற்கும் மங்களூர் ஓட்டில், நம்மவர் சீமை ஓடு என்று சொல்வதில், அத்தகைய இடுக்குகள் குறைவு. பேசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரை அடுத்த ஜெப்புவில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய இவ்வோடு, தென்னிந்தியக் கட்டிடக் கலையையே மாற்றியமைத்தது எனலாம். இந்த எலிக் கதையை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மச்சின் மேல் மெத்தை போன்ற ஒரு பொருளை நிரப்புகிறவர், 100 ஆண்டுகளுக்கு முன்னர் மிகுந்த முயற்சியோடு வெளியேற்றப்பட்ட எலிக்கு மீண்டும் படுக்கை விரிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், தேசியக் கட்டிட விதித்தொகுப்பு அதை மிதவெப்பப் பகுதியில் சேர்த்துள்ளது. சென்னையோ வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியைச் சேர்ந்தது. ஆயினும் மிதவெப்பம் என்ற சொல்லை நம்பி ஏமாறலாகாது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் பதிவாயிற்று. ஜூன் முதல் அக்டோபர் வரை ஈரப்பதமும் மிகுதி. எனவே, ஒரே வீடு கோடையில் வறண்ட அனலையும், மழைக் காலத்தில் பல வாரங்கள் காயாத ஈரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது.

வெப்பம் இறங்கும் வழி

நண்பகல் வெயிலில் மங்களூர் ஓடு 55 டிகிரியை எட்டுவது அரிதன்று. ஓடு மெல்லியதாகையால் மேற்புறத்துச் சூடு விரைவில் அடிப்புறத்தை அடைகிறது. அடிப்புறத்திலிருந்து மச்சுப் பலகைக்கு அது எவ்வாறு வருகிறது? சூடான காற்று மேலே தங்குமேயன்றிக் கீழே இறங்காது. ஆகவே சலனத்தின் பங்கு இங்கே சிறிது, பெரும்பங்கு கதிர்வீசலுடையது. 55 டிகிரியிலுள்ள ஓட்டுக்கும் 35 டிகிரியிலுள்ள பலகைக்கும் இடையே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 120 வாட் வெப்பம் கதிர்வீசலால் மட்டும் கைமாறும். அடுப்பருகே நிற்பவருக்குக் காற்று குளிர்ந்திருந்தும் முகம் சுடுவது போல, மச்சின் கீழ் அமர்ந்திருப்பவருக்கும் மின்விசிறியை மீறி உச்சந்தலை சுடுகிறது. அறைக் காற்றின் வெப்பமானியைப் பார்த்தால் 30 அல்லது 31 டிகிரிதான் காட்டும். அவதிக்குக் காரணம் காற்றன்று, சுட்டெரிக்கும் மச்சு.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. குளிர்சாதனம் இல்லாத வீட்டில் வெப்பக் காப்பு அறைக் காற்றை வெகுவாகக் குளிர்விக்காது. அது செய்யும் வேலை, மச்சின் அடிப்புறத்தை அறைக் காற்றின் வெப்பநிலைக்கு அருகே கொண்டுவந்துவிடுவது. களப்பணியாளர்கள் இதை வீட்டாரிடம் முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 'அறை ஊட்டி ஆகிவிடும்' என்று சொல்லி வேலை தொடங்கினால், முதல் கோடையிலேயே மனக்கசப்பு வரும்.

ஓட்டின் அடியில் அலுமினியத் தகட்டுத் தாளை விரித்தாலும் இக்கதிர்வீசல் பெரிதும் தடைப்படும். மேலே கண்ட 120 வாட், பளபளப்பான தாள் முகம் கீழ்நோக்கியிருக்குமாயின், 7 வாட்டுக்குக் குறைந்துவிடும் என்று கணக்கிடலாம். ஆனால் அதைச் சரியாக விரிப்பதற்கு ஓடுகளை இறக்கி ஏற்ற வேண்டும். ஓடு மாற்றும் வேலை எப்படியும் நடக்கப்போகிற வீட்டில் தாளே சிறந்தது. கூரை நல்ல நிலையில் இருந்து, மச்சுக்கு மேல் ஆள் தவழ்ந்து செல்ல இடமும் இருந்தால் உதிரிக் காப்பு எளிது.

ஊதி நிரப்பும் முறை

இம்முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்குள்ள மர வீடுகளில் மச்சுக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியில், தாள் துண்டுகளையோ கண்ணாடி இழையையோ பாறைக் கம்பளியையோ பொறியால் ஊதி நிரப்புவர். பொறி தரையில் நிற்கும். ஒருவர் அதன் தொட்டியில் சிப்பங்களை உடைத்துக் கொட்டுவார். பொறி அவற்றைக் கிளறிப் பஞ்சாக்கி, சுமார் 7 அல்லது 8 செ.மீ. விட்டமுள்ள நீண்ட குழாய் வழியே காற்றோடு மேலே அனுப்பும். மச்சின் மேல் இருக்கும் மற்றவர் குழாய் முனையைப் பிடித்து, கோடியிலிருந்து தொடங்கி வாயிலை நோக்கிப் பின்வாங்கியபடி பரப்பி வருவார். இடுக்கு, மூலை, குறுக்குச் சட்டம் ஆகியவற்றைச் சுற்றிலும் இடைவெளியின்றி நிரம்புவதே இதன் சிறப்பு. வெட்டிப் பொருத்தும் காப்பு மெத்தைகளில் இவ்வளவு நெருக்கம் கிடைப்பதில்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் பழைய செய்தித்தாளைத் துகளாக்கிச் செய்யும் செல்லுலோஸ் காப்பு அந்நாட்டில் வெகுவாகப் பரவிற்று. தாள் எரியும் பொருளாகையால் போரிக் அமிலமும் வெண்காரமும் சேர்த்தே அதை ஆக்குகின்றனர். சேர்க்க வேண்டிய அளவைச் சேர்க்காமல் விற்றவர்களால் ஆபத்து நேராதிருக்க, 1979இல் அந்நாட்டு அரசு தீப்பற்றுதல் பற்றிய விதியை ஏற்படுத்திற்று.

ஊதுபொறி இல்லாத இடங்களில் உதிரிப் பொருளைக் கூடையால் ஏற்றிக் கையால் பரப்பி, மட்டப் பலகையால் சமப்படுத்தலாம். நேரம் கூடுதலாகும், பயன் குறையாது. காக்ஸ் டவுன் போன்ற இடத்தில் ஒரு சிறு வீட்டிற்கு இதுவே போதுமானது.

எவ்வளவு கனம்?

இக்கேள்வியில்தான் பலரும் தடுமாறுகின்றனர். வெளிநாட்டுக் கைப்பிரதிகளைப் பார்ப்பவர்கள் 25 முதல் 35 செ.மீ. கனம் வேண்டும் என்று எண்ணிக்கொள்கின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமுமுள்ள அறையின் மச்சுப் பரப்பு 12 சதுர மீட்டர். பலகையின் கனம் 2 செ.மீ. மச்சுக்கு மேலே 45 டிகிரியும் அறையில் 29 டிகிரியும் இருப்பதாகக் கொண்டால் வித்தியாசம் 16 டிகிரி. பலகையும் அதன் இருபுறத்துக் காற்றுப் படலங்களும் சேர்ந்து தரும் வெப்பத் தடை, சதுர மீட்டர், டிகிரி, வாட் என்னும் அலகுகளில், ஏறத்தாழ 0.46. எனவே இறங்கும் வெப்பம் 12 × 16 ÷ 0.46, அதாவது சுமார் 417 வாட். செல்லுலோஸ் காப்பின் வெப்பங்கடத்துதிறன் சுமார் 0.04. அதை 5 செ.மீ. பரப்பினால் தடை 1.25 கூடும்; இறங்கும் வெப்பம் 112 வாட்டாகக் குறையும். 10 செ.மீ. பரப்பினால் 65 வாட். 20 செ.மீ. பரப்பினால் 35 வாட். முதல் 5 செ.மீ. 305 வாட்டைத் தடுத்தது. அடுத்த 5 செ.மீ. தடுத்தது 47 வாட். அதற்கு மேலிட்ட 10 செ.மீ. முழுவதும் சேர்ந்து தடுத்தது 30 வாட்டே. அமெரிக்காவில் குளிர் காலத்து வெப்பமூட்டலுக்கும் கோடைகாலக் குளிர்சாதனத்துக்கும் மாதந்தோறும் எரிபொருட் கட்டணம் செலுத்துவோருக்கு அந்த 30 வாட்டும் பணம். காக்ஸ் டவுனில் மின்விசிறியோடு வாழும் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் வீண் செலவு.

2018ஆம் ஆண்டில் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனச் செயலகம் வெளியிட்ட குடியிருப்புக் கட்டிட விதித்தொகுப்பான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', கூரையின் வெப்ப ஊடுருவல் 1.2க்கு மேற்படலாகாது என்கிறது. மேற்கூறிய வெறும் பலகை மச்சின் ஊடுருவல் சுமார் 2.2. 5 செ.மீ. காப்புடன் அது 0.6க்கும் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. ஆகவே, அமர்ந்தபின் 8 முதல் 10 செ.மீ. கனம் நிற்கும்படி போட்டால் போதும். செல்லுலோஸ் நாளடைவில் 100க்கு 15 முதல் 20 பங்கு வரை அமரும், 10 செ.மீ. வேண்டுமாயின் 12 செ.மீ. போட வேண்டும். அமர்ந்த நிலையில் கன மீட்டருக்குச் சுமார் 30 கிலோ என்று கொண்டால், மேற்கண்ட அறைக்கு 36 கிலோ. அதாவது சதுர மீட்டருக்கு 3 கிலோ. சாதாரணப் பலகை மச்சு இதை எளிதில் தாங்கும். பழைய பங்களாக்கள் சிலவற்றில் உள்ள துணி மச்சு தாங்காது.

உள்நாட்டுப் பொருள்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று வெர்மிகுலைட். அபிரகம் போன்ற இக்கனிமம் சூளையில் சூடேறும்போது துருத்தி போல விரிந்து இலேசாகிவிடும். தமிழ்நாட்டில் திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் இது வெட்டியெடுக்கப்படுகிறது. தீப்பற்றாது, பூஞ்சணம் பிடிக்காது, எலிக்கும் உதவாது. ஆனால் தடை குறைவு: 10 செ.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 1.5. விலையும் எடையும் கூடுதல். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து லிப்பி சுரங்கத்தின் வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்ததால் பெருந்தீங்கு விளைந்தது. அச்சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. ஆதலால் எங்கிருந்து வந்த வெர்மிகுலைட்டாயினும் கல்நார்ச் சோதனைச் சான்று கேட்டுப் பெறுவது அவசியம். மற்றொன்று உமி. சிலிகா மிகுந்திருப்பதால் எளிதில் கொழுந்துவிட்டு எரியாது; எனினும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதில் கலந்துள்ள குருணை எலியை அழைக்கும். நன்கு புடைத்துத் தூற்றி, குருணை முழுவதும் நீங்கிய உமியையே கொள்ளலாம். சமையலறை மச்சுக்கு அதுவும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று தென்னை நார்க்கழிவைச் சிலர் நாடுகின்றனர். தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளை ஓட்டின் கீழ் வைப்பது தகாது.

ஈரம்

குளிர்நாட்டுக் கைப்பிரதிகள், காப்புக்கும் மச்சுக்கும் இடையே பாலிதீன் தாளை விரிக்கச் சொல்லும். அங்கே குளிர் காலத்தில் அறைக்குள் வெப்பமும் நீராவியும் மிகுதி. நீராவி உள்ளிருந்து வெளியே செல்லும். வழியிலே குளிர்ந்து நீராகாதபடி அதை அறைப்பக்கத்திலேயே தடுத்துவிடுகின்றனர். நம் கடற்கரைப் பிரதேசங்களில் இது தலைகீழ். வெளிக்காற்றில் ஆவி மிகுதி. குளிர்சாதன அறையில் குறைவு. ஆவி வெளியிலிருந்து உள்ளே வர முயல்கிறது. சென்னையில் 32 டிகிரி வெப்பமும் 100க்கு 70 ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அறையைக் குளிர்சாதனத்தால் 24 டிகிரியில் வைத்திருந்தால், காப்பின் அடியிலுள்ள மச்சின் மேற்புறமும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே பாலிதீன் தாள் இருப்பின், இறங்கிவரும் ஆவி அதன்மேல் நீராகப் படியும். அந்நீர் வெளியே தெரியாது. காப்புப் பொருள் நனைந்து கனக்கும், பலகை கறுக்கும், ஒரு நாள் மச்சு தொங்கும். தாள் இல்லாதிருந்தால் ஆவி மெல்ல அறைக்குள் கசிந்து குளிர்சாதனப் பொறியால் வெளியேற்றப்பட்டிருக்கும்.

காக்ஸ் டவுனில் இவ்வபாயம் குறைவு. ஜூலையில் 26 டிகிரி வெப்பமும் 100க்கு 80 ஈரப்பதமும் இருக்குமாயின் பனிநிலை சுமார் 22 டிகிரி. அறை 24 டிகிரியில் இருந்தால் நீர் படியாது. 20க்கு இறக்கினால் படியும். குளிர்சாதனமே இல்லாத வீட்டில் உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே காற்றாகையால் நீராவித் தடுப்புக்கு வேலையே இல்லை. ஆகவே விதி எளியது: இப்பிரதேசங்களில் மச்சின்மேல் பாலிதீன் விரிக்க வேண்டாம். தூசு கீழே உதிராமலிருக்கப் பருத்தித் துணியோ ஆவி புகக்கூடிய தாளோ போதும்.

ஆனால் ஓட்டு வீட்டிற்கு உண்மையான எதிரி ஆவியன்று, ஒழுக்கு. காப்பு இல்லாத காலத்தில் ஓர் ஓடு உடைந்தால் நீர் மச்சில் சொட்டும், வீட்டார் அண்ணாந்து பார்ப்பர், கொத்தனாரை அழைப்பர். மச்சுவெளியில் வீசும் காற்று ஈரத்தை உலர்த்திவிடும். காப்பு நிரப்பியபின் அதே ஒழுக்கை உதிரிப் பொருள் குடித்துக்கொண்டு வெகுநாள் காட்டிக்கொடுக்காது. செய்தி தெரியும்போது பலகை உளுத்திருக்கும். கூரை ஒழுகும் வீட்டில் காப்புப் போடுவதை விடப் போடாமலிருப்பதே மேல்.

முன்வேலை

எனவே வேலையின் பெரும்பகுதி காப்புப் பொருள் வந்து சேருவதற்கு முன்பே நடக்கவேண்டியது. ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். முதலில் ஓடுகள். காக்ஸ் டவுனில் ஓடு உடைவதற்குக் குரங்குகளும் ஒரு காரணம். தூங்குமூஞ்சி மரங்களின் கிளை விழுவதும் ஒரு காரணம். இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்திலுள்ள தகரத்தில் இலைச் சருகு அடைத்து, துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். வெளியே தெரியும் உடைந்த ஓட்டைவிட இதுவே அதிகம் ஒழுகும். முகட்டோடுகளின் பூச்சையும் பார்க்க வேண்டும். பழுது பார்த்தபின் நீரைப் பீய்ச்சி, மச்சுவெளியில் ஒருவர் கைவிளக்குடன் இருந்து சோதிப்பது உத்தமம்.

அடுத்தது மின்கம்பி. பழைய வீடுகளில் மரச் சட்டத்தின்மேல் ஓடும் ரப்பர் உறைக் கம்பிகள் மச்சுவெளியில் இன்னும் இருக்கக்கூடும். திறந்த வெளியில் அவற்றின் சூடு காற்றில் கலந்துவிடும். காப்பினால் மூடினால் சூடு தங்கி, பொடிந்துபோன உறை உதிரும். அத்தகைய கம்பிகளை முழுவதும் மாற்றிக் குழாய்க்குள் புதியவை இழுத்த பிறகே காப்பைப் பற்றிப் பேசலாம். மச்சில் பதித்த விளக்குகளைச் சுற்றி 8 செ.மீ. இடம் விட்டுத் தகர வளையம் வைக்க வேண்டும். சமையலறைப் புகைபோக்கிக்கும் அப்படியே.

பிராணிகளின் விஷயம் நகைப்புக்குரியதன்று. எலி, அணில், வௌவால் மட்டுமின்றி மரநாயும் பெங்களூரின் பழைய மச்சுகளில் குடியிருப்பதுண்டு. குட்டிகள் இல்லாத சமயமறிந்து, இரவில் அது இரை தேட வெளியேறிய பின் வழியை அடைக்க வேண்டும். கூர்ச்சுவரிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடாமல், 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையால் மூடுவது முறை. மச்சுவெளியின் காற்றோட்டம் தொடர்ந்து இருக்க வேண்டும். காப்பும் மரமும் உலர்வதற்கு அதுவே வழி.

அதே காற்று இறவாரத்தின் வழியே வேகமாக நுழைந்து இலேசான காப்பை அள்ளிக் குவித்துவிடும். இதைத் தடுக்க, சுவரையொட்டி 20 செ.மீ. உயரமுள்ள பலகையை நிறுத்தி அதற்கு உட்புறமாக மட்டுமே நிரப்ப வேண்டும். சில பழைய மச்சுகளில் சூடான காற்று மேலேறுவதற்கென்று நடுவில் மரச் சல்லடை வைத்திருப்பார்கள். அதன்மேல் காப்பைக் கொட்டி அடைப்பவர், முன்னோர் செய்த நல்ல காரியத்தைக் கெடுப்பவர். அதைச் சுற்றிச் சிறு பெட்டிச் சுவர் எழுப்பினால் போதும். இரவில் அச்சல்லடையும் ஜன்னல்களும் திறந்திருப்பது முன்னைவிட இப்போது அதிக அவசியம். ஏனெனில் காப்பு பகலில் வெப்பத்தைத் தடுப்பது போலவே, இரவில் அறையின் வெப்பம் மச்சு வழியே வெளியேறுவதையும் தடுக்கிறது.

கடைசியாக, நிரப்பியபின் விட்டம் எது, பலகை எது என்று தெரியாது. ஆகையால் முன்னதாகவே விட்டங்களின்மேல் நடைபலகை ஒன்று அமைக்க வேண்டும். அறைக்கு இரண்டாகக் கனம் குறித்த அளவுக்கோல்களையும் நட்டுவிட வேண்டும்.

மேலே செல்பவரின் பாதுகாப்பு

2009இல் ஆஸ்திரேலிய அரசு, வீடுகளின் மச்சுவெளியில் வெப்பக் காப்பு அமைக்கும் பெருந்திட்டமொன்றை விரைவாகத் தொடங்கிற்று. சில மாதங்களுக்குள் இளந்தொழிலாளர் நால்வர் இறந்தனர். மூவர் மின்சாரம் தாக்கி இறந்தனர். ஒருவர் மச்சுவெளியின் வெப்பத்தால் மாண்டார். உலோகத் தகட்டுத் தாளைப் பொருத்துவதற்காக அடித்த உலோக ஊசி, கம்பியினுள் பாய்ந்தது மின்சாவுகளுக்கு ஒரு காரணம். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி ஆட்களை மேலே அனுப்பியதே அடிப்படைக் குற்றம் எனலாம்.

நம் நாட்டில் இவ்வேலைக்குக் கூலியாட்களே செல்வர். ஆகவே களப்பணியாளர் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆள் மேலேறுமுன் மீட்டர் அருகிலுள்ள பிரதான விசையை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விளக்குக்கு மின்கலக் கைவிளக்கு. காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். கோடைப் பகலில் ஓட்டின் கீழ் எவரையும் அனுப்பலாகாது. அரைமணிக்கு ஒருமுறை இறங்கி நீர் பருக வேண்டும். வாயிலருகே இன்னொருவர் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தூசுக் கவசம் தேவை; ஈரத் துணியை முகத்தில் கட்டுவது கண்ணாடி இழைக்கும் பழைய கூரைத் தூசுக்கும் போதாது. மச்சில் கல்நார்த் தகடு இருப்பின் அதில் துளையிடவோ உடைக்கவோ கூடாது. அங்கே இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே நன்று.

முதல் மழைக்குப் பின் ஒருமுறையும், வடகிழக்குப் பருவ மழை முடிந்தபின் ஒருமுறையும் நடைபலகை வழியே சென்று, பள்ளத் தகரத்தின் கீழும் முகட்டின் கீழும் காப்புக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரமிருக்கும் இடத்தில் காப்பை அள்ளி எறிந்து, ஓட்டைச் சரிசெய்து, பலகை காய்ந்தபின் புதிது போடலாம். நனைந்ததை உலர்த்தித் திரும்பப் போடுவது சிக்கனமன்று. வெண்காரம் நீரோடு கரைந்து போயிருக்கும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதை எளிதாகச் செய்துகாட்டலாம். சுமார் 30 செ.மீ. பக்கமுள்ள மூன்று அட்டைப் பெட்டிகளின் பக்கத்தில் துளையிட்டு, வெப்பமானிகளைச் செருக வேண்டும். முதற்பெட்டியின் மூடி வெறுமனே இருக்கட்டும். இரண்டாவதன் மூடிமேல் 5 செ.மீ. உலர்ந்த உமி. மூன்றாவதன்மேல் அதே அளவு உமியை நீர் தெளித்து நனைத்துப் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் 10 செ.மீ. உயரத்தில், செங்கற்களின் ஆதாரத்தில் ஒரு மங்களூர் ஓட்டை வைத்து, காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை வெயிலில் விட்டு, அரைமணிக்கு ஒருமுறை குறித்துவர வேண்டும். முதலிரண்டின் வித்தியாசத்தை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர். மூன்றாவது பெட்டி முதல்நாளில் இரண்டாவதை விடவும் குளிர்ந்திருக்கக்கூடும். நீர் ஆவியாவதற்கு வெப்பம் செலவாவதே காரணம். ஈரம் நல்லதென்று அன்றே மாணவர்கள் எழுதிவிடாதபடி, அப்பெட்டியை நிழலில் வைத்து, நாள்தோறும் சிறிது நீர் தெளித்து, ஒரு வாரம் கழித்து உமியை விலக்கி மூடியைத் தூக்கிக் காட்டவேண்டும். அட்டை தொய்ந்து, அடியில் பூஞ்சணம் படர்ந்திருக்கும்.